ஸ்கார்லெட் காய்ச்சல்

தொண்டையில் தொற்றும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் நச்சால் வரும் காய்ச்சல் இது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வரும். இருமல், தும்மல் வழியே பரவும். தொற்றிய 2 முதல் 5 நாளில் வெளிப்படும். இந்த நச்சை உருவாக்கும் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் கொண்டுசேர்ப்பது ஒரு வைரஸ். அதனால்தான் ஸ்ட்ரெப் தொண்டைப்புண் வந்த எல்லோருக்கும் மேலில் தடிப்பு வருவதில்லை. நோய்க்குக் காரணம் இந்தப் பாக்டீரியாதான் என்பதை அமெரிக்க மருத்துவத் தம்பதியர் ஜார்ஜ் டிக், கிளாடிஸ் டிக் 1920களில் நிறுவினர்.

திடீர்க் காய்ச்சலும், எச்சில்கூட விழுங்க முடியாத தொண்டை வலியும் முதலில் வரும். ஓரிரு நாளில் கழுத்திலும் மார்பிலும் பொடிப்பொடியாகத் தடிப்பு கிளம்பி உடம்பெல்லாம் பரவும். மாநிறமான, கறுத்த பிள்ளைகளிடம் சிவப்பு கண்ணுக்குத் தப்பிவிடும். முதுகைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் தடிப்பு கோடாக அடர்ந்திருக்கும். நாக்கில் படிந்த வெள்ளை உரிந்ததும் செக்கச்செவேலென்று மொட்டுமொட்டாகத் தெரியும். வாயைச் சுற்றி மட்டும் வெளுத்திருக்கும். ஒரு வாரத்தில் தடிப்பு அடங்கி, விரல் நுனித் தோல் உரியும்.

மேலில் எது பூத்தாலும் 'அம்மை போட்டிருக்கு' என்று வேப்பிலை செருகி, மருந்தே கொடுக்காமல் விடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. இந்தத் தடிப்பும் தானாகவே மறைவதால், அம்மை இறங்கிவிட்டது என்ற நிம்மதி வந்துவிடும். ஆனால் கவனிக்காமல் விட்ட தொண்டைத் தொற்று, சிலருக்கு 2, 3 வாரம் கழித்து வாதக் காய்ச்சலாகத் திரும்பும். அப்போது மூட்டுகள் வீங்கும். இதய வால்வு நிரந்தரமாகப் பழுதாகலாம். சிறுநீரக அழற்சியும் வரலாம். சிறுநீர் கறுத்துப்போவதும் முகம் வீங்குவதும் அதன் அடையாளங்கள்.

வாதக் காய்ச்சலால் வரும் இதய நோயை வேலூர் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. 2001-02இல் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் மாவட்டத்தின் கிராமப்புறங்களில் 2.29 லட்சம் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தனர். வாதக் காய்ச்சலால் இதயம் பழுதானவர்கள் ஆயிரத்துக்கு 0.68 பேர் என்று தெரிந்தது. முந்தைய கணக்குகளைவிட இது குறைவு. எண் சிறியதாகத் தோன்றினாலும், அந்தப் பிள்ளைகளுக்கு அது ஆயுள் முழுவதும் தொடரும் சிகிச்சை.

தொண்டையில் பஞ்சுக்குச்சியால் சளி எடுத்துச் சோதித்தால் கிருமி தெரிந்துவிடும். பெனிசிலின் அல்லது அமாக்ஸிசிலின் 10 நாள் கொடுக்க வேண்டும். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு ஆன்டிபயாட்டிக் உண்டு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடாது. ஆன்டிபயாட்டிக் தொடங்கி ஒரு நாளாவது கழிந்து, காய்ச்சலும் விட்ட பிறகே பள்ளிக்கு அனுப்பலாம். வாதக் காய்ச்சல் வந்துவிட்டால் பென்சத்தீன் பெனிசிலின் ஊசியை 3 வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில் போட வேண்டியிருக்கும்.

ஸ்கார்லெட் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இல்லை. மூன்றாம் நாளே பிள்ளை ஓடியாடினாலும் 10 நாள் மருந்தையும் கொடுத்து முடியுங்கள்.