ரவை விரியும் வட்டம்

கொல்லிமலை அடிவாரத்திலோ ஏற்காட்டுச் சரிவிலோ நாட்டுத் துப்பாக்கி ஒன்று பிடிபட்டால், செய்தியில் அதனுடன் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் சேர்ந்து வரும்: கரிமருந்து, பால்ரஸ் குண்டு. சேலம், நாமக்கல் வாசகர்களுக்குப் பழகிப்போன சொற்கள். குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, குண்டுகளைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். எல்லாமே கைக்கணக்கு. அதனால் ஒரு வெடியில் சிதறியதுபோல அடுத்த வெடியில் சிதறாது.

சிதறலை எண்ணிப் பார்ப்பதற்குப் பொருள் வந்ததே, ஒரே அளவில் அடைத்த தோட்டா வந்த பிறகுதான்.

குழலின் நுனியைச் சற்றே குறுக்கினால் தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளான ரவைகள் நெருங்கிப் பறக்கும். நியூகாசிலைச் சேர்ந்த பேப் என்ற துப்பாக்கிக் கொல்லர் 1866இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பர்மிங்காமின் கிரீனர் அதைச் செம்மைப்படுத்தினார். 1875இல் 'தி ஃபீல்டு' இதழ் லண்டனில் நடத்திய சோதனையில் கிரீனரின் குறுகிய நுனிக் குழல்கள் வென்றன. 40 கஜ தூரத்தில் சுட்டு, 30 அங்குல வட்டத்துக்குள் விழுந்த ரவைகளை எண்ணும் முறை இன்றுவரை நிலைத்திருக்கிறது. குறுக்கமே இல்லாத குழல் ஏறக்குறைய 40 சதவீத ரவையை வட்டத்துக்குள் சேர்க்கும். முழுக் குறுக்கமான 'ஃபுல் சோக்' 70 சதவீதத்தை. வட்டத்தைச் சுட்ட பிறகுதான் வரைய வேண்டும், துளைகள் மிக அடர்ந்த இடத்தை மையமாக வைத்து. எண்ணிக்கையைவிட இடைவெளிதான் முக்கியம் என்று தோன்றுகிறது. போட்டியில் சுடப்படும் பறக்கும் களிமண் தட்டின் குறுக்களவு 11 சென்டிமீட்டர்தான். கொத்தாக விழுந்த ரவைகளுக்கு நடுவே அது உடையாமல் நழுவிவிடலாம்.

இந்தியாவில் ரவை சுடும் ஷாட்கன் வெகுகாலம் மன்னர்களின் வேட்டைக் கருவி. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடக்கியது. அதற்குள்ளாகவே பிகானேர் மன்னர் கர்ணி சிங் 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் டிராப் என்ற தட்டுச் சுடும் பிரிவில் வெள்ளி வென்று, களிமண் தட்டுக்கு ஒரு வழி காட்டியிருந்தார்.

நாமக்கல்லிலிருந்து திருச்சியைத் தாண்டினால் புதுக்கோட்டை. 1948இல் இந்தியாவுடன் இணைந்த அந்த சமஸ்தானத்தின் அரச குடும்பத்தவர் பிருத்விராஜ் தொண்டைமான். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகியோருடன் அவர் டிராப் அணித் தங்கம் வென்றார். மூவரும் சேர்ந்து 375க்கு 361 தட்டுகள். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். இந்தத் தமிழ்ப் பெயரை நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் அதிகம் அறிந்திருக்க வேண்டும்.

ஒலிம்பிக் தோட்டாவில் 24 கிராம் ரவைக்குத்தான் அனுமதி. கூட்டிப் போட்டு இடைவெளியை அடைக்க வழியில்லை. ஆகவே தோட்டாவின் தயாரிப்பு மாறும்போதெல்லாம் வீரர் மறுபடி வெள்ளைத் தாளின் முன் நிற்கிறார். பத்துத் தாள், தாளுக்கு ஒரு வெடி, பிறகு பேனாவை எடுத்துத் துளை துளையாக எண்ணும் வேலை.