எண்ணூர்த் துறைமுகமும் வீட்டு சர்வரும்: இரண்டு பெயர்மாற்றங்கள்

அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்காகக் கட்டப்பட்டு, 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்துக்கு 2014இல் காமராஜர் பெயர் சூட்டப்பட்டது. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, குடும்பப் படங்களை அதில் சேர்த்து வைத்திருப்பவரும் ஒருநாள் தன் சர்வரின் பெயரை மாற்றுகிறார். அளவில் மலையும் மடுவுமான இந்த இரண்டிலும் வேலை ஒன்றுதான்: பழைய பெயரை யார் யார் எங்கெங்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தேடுவது.

மூலத்தில் மாற்றுவது இரண்டிலும் எளிது. எண்ணூர்த் துறைமுகம் 1999இல் கம்பெனியாகப் பதிவானது. பதிவேட்டில் பெயர் மாறினால் சட்டப்படி மாறியது. சர்வரில் ஹோஸ்ட்நேம்சிடிஎல் என்ற கட்டளை ஒரே வரியில் அதை முடித்துவிடும்.

சிக்கல் நகல்களில் இருக்கிறது. டெபியன், உபுண்டு வகை சர்வர்களில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்ற எண்ணுக்கு எதிரே பழைய பெயர் அப்படியே நிற்கும். அதைத் திருத்தாவிட்டால் சூடோ போடும்போது, புதுப்பெயருக்கு உரிய முகவரி தெரியவில்லை என்ற எச்சரிக்கை வரலாம். அவாஹி ஓடினால், அதை மறுபடி தொடங்கியதும் புதுப்பெயரை ‘.லோக்கல்’ சேர்த்து வீட்டு நெட்வொர்க்குக்கு அதுவே அறிவிக்கும். ஆனால் விண்டோஸ் லேப்டாப்பில் பழைய பெயரில் இணைத்த டிரைவ் திறக்காமல் போகலாம். புதுப்பெயரில் எஸ்எஸ்எச் வழியே நுழைந்தால், சாவி மாறாதபோதும், இந்தக் கணினியை நம்பலாமா என்று மறுபடி கேட்கும். சாவியை அது பெயரோடு சேர்த்துக் குறித்து வைத்திருப்பதே காரணம். கிளவுட்-இனிட் உள்ள சர்வர் என்றால், ரீபூட் செய்ததும் பழைய பெயரே திரும்பி வரவும் கூடும்.

துறைமுகத்தைக் காப்பது குறியீடு. பெயர் காமராஜர் ஆன பின்பும் சரக்கு ஆவணங்களில் ஐஎன்இஎன்ஆர் என்றே எண்ணூர் தொடர்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையமும் அப்படித்தான்: 1996இல் மெட்ராஸ் சென்னையானது, 2019இல் நிலையத்துக்கு எம்ஜிஆர் பெயர் வந்தது, டிக்கெட்டில் இன்றும் எம்ஏஎஸ். துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களும் அப்படியே: உரிமையாளரும் பெயரும் மாறினாலும் ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணை ஆயுள் முழுக்கச் சுமக்கின்றன.

அப்படியானால் வீட்டிலும் பெயரை விட்டுவிட்டு ஐபி எண்ணையே நம்பலாமா? இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. துறைமுகக் குறியீட்டை உலகமே ஒப்புக்கொண்டு நிலையாக வைத்திருக்கிறது. வீட்டு ஐபி எண்ணோ ரௌட்டர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுப்பது. நாளை வேறு சாதனத்துக்குப் போகலாம். வீட்டில் குறியீட்டுக்கு நிகராக நிற்பது நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி. அதைக் காட்டி ரௌட்டரில் ஓர் ஐபி எண்ணை ஒதுக்கிவிட்டால்தான், துறைமுகத்துக்கு இருக்கும் பிடிமானம் சர்வருக்கும் கிடைக்கும்.

அதனால் முதலில் எண்ணை நிலைப்படுத்துங்கள். பிறகு பெயரை மாற்றி, ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தி, ஒருமுறை ரீபூட் செய்து பாருங்கள். வீட்டு டிஎன்எஸ் இருந்தால் பழைய பெயரையும் சில காலம் மாற்றுப்பெயராக விட்டுவையுங்கள். புதுப்பெயர் சூட்டுவது உரிமையாளரின் விருப்பம். பழைய பெயரை நம்பி வருபவருக்கும் வழி திறந்து வைப்பது அவருடைய கடமை.