அரக்கும் பூந்திக்கொட்டையும்

நம் இல்லத்தில் பாட்டியார் வழியாக வந்த கெம்புக்கல் அட்டிகை ஒன்று உண்டு. உறவினர் திருமணத்தை முன்னிட்டு அதனைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது கற்கள் மங்கியிருக்கக் கண்டு, சலவைச் சோடா கரைத்த கொதிநீரில் கால்மணி நேரம் இட்டு வைத்தோம். எடுத்துப் பார்க்கையில் நான்கு கற்கள் கழன்றிருந்தன. பாத்திரத்தின் அடியில் பழுப்பு நிறத்தில் ஏதோ இளகிக் கிடந்தது. அழுக்கென்றே முதலில் எண்ணினோம். அஃது அரக்கு! பொன்னகைக்குள் அரக்கு எவ்வாறு புகுந்தது என்று ஆராய முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

நம் பழைய கல்லிழை நகைகள் பெரும்பாலும் உள்ளே கெட்டிப் பொன்னல்ல. மெல்லிய பொன்தகட்டால் கூடு அமைத்து, அதனுள் அரக்கை நிரப்பி, அதன்மேல் ஒளிதரும் தகடொன்றை வைத்துக் கல்லைப் பதிப்பர். பொன் சிக்கனமாகும், கூடும் நசுங்காது. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சியிலிருந்து கிடைக்கும் இவ்வரக்கோ, நீர் கொதிக்கும் சூட்டுக்கு வெகு முன்னரே இளகுவது. சோடா போன்ற காரப் பொருளில் கரைவது. நாம் இரண்டையும் ஒருங்கே செய்திருந்தோம்.

இவ்வேலைப்பாடு நேற்று வந்ததன்று. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த அணிகலன்கள் ஒவ்வொன்றாக நிறையோடு பதிவாகியுள்ளன. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் கல், மணியணிகளை நிறுக்கத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல். நகையிலுள்ள அரக்கும் அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறது. அலுவலகத்தில் இருப்புப் பதிவேடு எழுதியே காலங்கழிக்கும் நமக்கு, இப்படியொரு பதிவேட்டை எந்தத் தணிக்கையாளரும் குறை கூற இயலாது என்றே தோன்றுகிறது. முத்துகளையும் ‘குளிர்ந்த நீர்’, ‘சிவந்த நீர்’ என அவற்றின் ஒளி நோக்கிப் பிரித்திருக்கின்றனர்.

பாட்டியாரின் முறையை இப்போது எண்ணிப் பார்க்கிறோம். கல் பதிக்காத சங்கிலி, வளையல்களை மட்டுமே அவர் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரில் இடுவார். அக்கொட்டைக்குப் பொன்னாங்கொட்டை என்றும் ஒரு பெயர் உண்டென்பது கருதத்தக்கது. கல்லிழை நகையை நீரில் அமிழ்த்தவே மாட்டார். ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் மேலே ஒற்றி, உடனே உலர்த்துவார். கல்லின் அடியில் நீர் புகுந்தால் தகடு கறுத்து, கல் குருடாகிவிடும் என்பார். காரணம் கேட்டால் விளக்கமாட்டார், அதட்டுவார். புளியும் விபூதியும் பித்தளைக்கும் வெள்ளிக்குமே. முத்துப் பதித்த எதனருகிலும் புளி வரலாகாது. கொற்கைத் துறையில் எடுத்ததாயினும் முத்து சுண்ணாம்பு இனத்ததே. புளிப்பு அதனை அரிக்கும்.

தில்லி வந்த பின் பூந்திக்கொட்டையை நாம் மறந்தோம். உண்மையில் அதன் தேவை இங்கேதான் மிகுதி. இங்குள்ள கடினநீரில் சோப்பு திரிந்து, வெண்படலமாக நகையின் இடுக்குகளில் தங்கும். பூந்திக்கொட்டையின் நுரை அவ்வாறு திரிவதில்லை. மளிகைக் கடையில் ‘ரீட்டா’ என்று கேட்டால் அதே கொட்டையை எடுத்துத் தருகிறார்கள்.

வாசலில் வந்து மெருகேற்றித் தருவோரைப் பற்றியும் ஒரு சொல். அவருட் சிலர் கையாளும் இராசதிராவகம், அதாவது மூன்று பங்கு உப்புத் திராவகத்தோடு ஒரு பங்கு வெடியத் திராவகம் சேர்ந்தது, பொன்னையே கரைக்கும். நகை பளபளக்கும், நிறை குறையும். 1963-இல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புது நகை செய்வது தடைப்பட்டபோது, தட்டார் பலர் தொழிலிழந்தனர். 14 காரட் வரம்பு பின்னர் தளர்ந்தபோதும், 1968-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 1990-இல்தான் அது நீங்கியது. வீட்டுக்கு வந்து நகையின் உள்ளமைப்பை அறிந்து துலக்கித் தந்த குடும்பத் தட்டார் அக்காலத்தில் அருகினார். அவ்விடத்தை வேறு கைகள் பற்றிக்கொண்டன என்பது நம் கருத்து.

நம் அட்டிகையை இறுதியில் குந்தன் வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். தமிழகத்தைக் கண்டறியாத அவர், நகையைப் புரட்டிப் பார்த்ததும், “சுடுநீரில் போட்டீர்களா?” என்று இந்தியில் கேட்டார். அவர் பதிக்கும் குந்தனுக்குள்ளும் அரக்கே உள்ளது. புதிதாக அரக்கிட்டு மூன்று கற்களைப் பதித்துத் தந்தார். நான்காவது கல் பதிக்கும்போதே விண்டுவிட்டது. அதற்கு ஒத்த நிறம் இன்னும் கிடைக்கவில்லை.