ஆனைமங்கலச் செப்பேட்டில் ஆவண நடைமுறையும் ஓலை எழுதுவோர் பங்கும்

அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட செங்கற் சுவர்கள் சோழர் அரண்மனையின் அமைப்பை ஓரளவு உணர்த்துகின்றன. அவ்வரசின் ஓலைகளோ எஞ்சவில்லை. எனவே சோழர் அலுவல் நடைமுறையை அறிய, ஓலையிலிருந்து கல்லுக்கும் செம்புக்கும் மாற்றப்பட்ட ஆவணங்களையே நாடவேண்டியுள்ளது. அவற்றுள் லெய்டன் பெரிய செப்பேடு என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடு குறிப்பிடத்தக்கது.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்த செய்தியை இது கூறுகிறது. இதன் 21 ஏடுகளுள் 5 வடமொழியில் அமைந்தவை. 16 தமிழில் அமைந்தவை. வடமொழிப் பகுதி சோழர் குலப் புகழைப் பாடுகிறது. கொடை எவ்வாறு நடைமுறைக்கு வந்தது என்பதைத் தமிழ்ப் பகுதியே படிப்படியாக விளக்குகிறது. ஸ்ரீவிசய உறவுக்கான சான்றாகவே பெரிதும் பயன்படுத்தப்பட்டுவரும் இச்செப்பேட்டில், ஆய்வாளர் கவனத்தைக் கூடுதலாகப் பெறவேண்டிய பகுதி இதுவே.

இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டு 92ஆம் நாளில் அரசன் வாய்மொழியாக ஆணையிடுகிறான். திருமந்திர ஓலை எழுதும் விளத்தூர் கிழவன் அமுதன் தீர்த்தகரன் அதனை எழுத்தாக்குகிறான். கிருஷ்ணன் இராமன் உள்ளிட்ட ஓலைநாயகங்கள் ஒப்பிடுகின்றனர். 96ஆம் நாளில் ஆணை வரியிலிடப்படுகிறது. வரிப்பொத்தகம், முகவெட்டி முதலிய பொறுப்புகளில் இருந்தோரும் பெயர் சுட்டப்படுகின்றனர். பின்னர் நாட்டார் அரசாணையை எதிர்கொண்டு தலைமேல் ஏற்று, பிடி சூழ்ந்து எல்லை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டுகின்றனர். இவை முடிந்து அறவோலை எழுதப்படுவது 23ஆம் ஆட்சியாண்டு 163ஆம் நாளில்; ஆணைக்கும் அறவோலைக்கும் இடையே ஈராண்டுக்கு மேல் கழிந்துள்ளது.

நில அளவு 97 வேலியோடு நிற்கவில்லை. மா, காணி, முந்திரிகை, அதற்கும் கீழ்ப்பட்ட கீழ்ப்பின்னம் வரை செல்கிறது. உழவனின் ஏர் இவ்வளவு நுண்மையை அறியாது. ஆயினும் கணக்கில் கழிக்கவேண்டிய வரி எவ்வளவு என்பதற்கு அது தேவைப்பட்டது.

எனவே அமுதன் தீர்த்தகரனை அரசன் கூற்றைப் படியெடுத்தவனாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. யார் சொன்னார், யார் எழுதினார், யார் ஒப்பினார், எந்நாளில் பதிந்தனர் என்ற வரிசையையே ஆவணத்தின் உடலாக்கியது ஓலை எழுதுவோர் மரபு. அவ்வரிசையில் தன்னையும் ஒரு படியாக அவன் நிறுத்திக்கொண்டான். இராசராசன் மறைந்த பின்னர், தந்தையின் கொடையை நிலைபெறச் செய்ய முதலாம் இராசேந்திரன் அதனைச் செம்பில் வெட்டுவித்தபோது, அரசனின் புகழோடு இவ்வெழுத்தனின் பெயரும் ஏட்டில் ஏறியது.