டாவோஸ்: பனியும் மருந்தும் அகதிகளும்

பக்கத்து வீட்டுப் பெண் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். வேங்கிக்கால் வழியாக வேலூர் செல்லும் பேருந்துகளில் இப்படி எத்தனையோ பெண்களைப் பார்க்கிறோம். "சார், சுவிட்சர்லாந்துல டாவோஸ்னு ஒரு ஊராம். எல்லாரும் பனியில சறுக்கி விளையாடறாங்க. அங்க எனக்கு வேலை கிடைக்குமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

டாவோஸ் என்றதும் எனக்கு நினைவில் எழுவது தாமஸ் மன் 1924இல் வெளியிட்ட 'மாய மலை' நாவல்தான். காசநோயாளிகளின் விடுதியில் நிகழும் கதை. பனிச்சறுக்குக்கு முன் அவ்வூரின் தொழில் நோய்தான். அத்தொழிலைத் தொடங்கி வைத்தவரோ ஓர் அகதி.

ஜெர்மனியின் மான்ஹைமில் பிறந்த அலெக்சாண்டர் ஸ்பெங்லர் சட்ட மாணவர். 1848-49 புரட்சியில் பங்குகொண்டு, அது தோற்றபின் சுவிட்சர்லாந்துக்குத் தப்பி வந்தார். சூரிக்கில் மருத்துவம் பயின்று 1853இல் டாவோஸுக்கு வட்டார மருத்துவராகப் போனார். மலைவாசிகளிடம் காசநோய் அரிதாக இருப்பதைக் கவனித்தார். 1865இல் குளிர்காலச் சிகிச்சைக்கென இருவர் வந்தனர்; பின்னர் கூட்டம் வந்தது. ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில், கம்பளி போர்த்தி மாடத்தில் படுத்துக் காற்று வாங்குவதே வைத்தியம். பணமுள்ளவர்களுக்கான வைத்தியம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மலைக்காற்றின் மதிப்பைக் குறைத்ததில் நம் சென்னைக்குப் பங்குண்டு. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. வேறு மருந்துகளும் தொடர்ந்தன. மருந்து கிடைத்தபின்னும் நோயாளி சானடோரியத்தில் படுத்திருக்க வேண்டுமா? 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் இதைச் சோதித்தது. ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும், மறுபகுதியினரை நெரிசலான அவர்கள் வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959இல் வெளியான முடிவு வியப்பூட்டியது: நல்லுணவும் ஓய்வும் குறைந்திருந்தும், வீட்டிலிருந்தோர் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று, எஞ்சிய மாத்திரைகளை எண்ணிப் பார்த்த பணியாளர்களின் உழைப்பு அதில் உண்டு. நம் மருத்துவ வரலாற்றில் அவர்களுக்கு இரண்டு வரி கூட ஒதுக்கப்படுவதில்லை.

டாவோஸின் விடுதிகள் பல ஓட்டல்களாயின. சறுக்குவோரை மேலே இழுத்துச் செல்லும் விசை அங்கு 1934லேயே வந்துவிட்டிருந்தது.

1983க்குப் பின் அந்நாட்டுக்கு வேறு அகதிகள் வந்தனர், ஈழத்தமிழர்கள். முதல் தலைமுறையினர் பலருக்குக் கிடைத்தது உணவகத்து அடுக்களையும் துப்புரவுப் பணியுமே. படித்துவந்த படிப்பு பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம் 120 மணிநேர வகுப்போடு நடத்தும் பராமரிப்பு உதவியாளர் பயிற்சி, முதியோர் இல்லங்களுக்குள் நுழையப் பெண்களுக்கு ஒரு வழியாயிற்று. ஸ்பெங்லருக்கு அந்நாடு மருத்துவக் கல்வியையும் பதவியையும் தந்தது. இவர்களுக்கு உதவியாளர் உடுப்பு. ஆனால் செவிலியர் பற்றாக்குறை அங்கே பழைய குறை. 2021 நவம்பர் 28இல் செவிலியப் பணியை வலுப்படுத்தக் கோரிய பொதுவாக்கெடுப்பில் 61 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தனர்.

இவற்றையெல்லாம் அவளிடம் சொன்னேன். இந்தியச் சான்றிதழை மதிப்பிடுவதும் அதே செஞ்சிலுவைச் சங்கம்தான். ஜெர்மன் மொழியில் பி2 நிலை வேண்டும். ஐரோப்பாவில் ஆள் கிடைக்கவில்லை என்று வேலை தருபவர் காட்டவும் வேண்டும். முகம் சற்றுச் சுருங்கியது. "ஜெர்மன் கஷ்டமா சார்?" என்றாள். அதன் துணை வாக்கியங்களில் நம் தமிழைப்போலவே வினைச்சொல் கடைசியில் வரும் என்றேன். இப்போது மாலைகளில் மொட்டைமாடியிலிருந்து அந்த வினைச்சொற்கள் கேட்கின்றன.