டார்கெட் அட்டைத் தரவுத் திருட்டு (2013)

அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட்டின் கணினி வலையமைப்பில் ஊடுருவி, சுமார் 4 கோடி கடன், பற்று அட்டைகளின் விவரங்களையும் 7 கோடி வரையிலான வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி போன்ற தகவல்களையும் களவாடிய நிகழ்வு. 2013 நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை, விழாக்கால விற்பனை உச்சத்தில் இருந்தபோது நடந்தது.

திருடர்கள் நேராக டார்கெட்டைத் தாக்கவில்லை. அதன் கடைகளுக்குக் குளிர்பதன வேலை செய்துவந்த பென்சில்வேனிய ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் கடவுச்சொல்லைத் திருடினர். பில் அனுப்பவும் ஒப்பந்தப் பணிகளுக்காகவும் தரப்பட்டிருந்த அந்த அனுமதியே நுழைவாயிலாயிற்று. ஒப்பந்ததாரர் பகுதிக்கும் பணம் பெறும் இயந்திரங்களுக்கும் இடையே போதிய தடுப்பு இல்லாததே பெருங்குறை. அட்டையைத் தேய்த்ததும் அதன் எண் ஒரு கணம் மறையாக்கம் இன்றி இயந்திரத்தின் நினைவகத்தில் தங்கும். அந்தக் கணத்தில், திருடர்கள் இயந்திரங்களில் புகுத்தியிருந்த தீநிரல் அதைப் படியெடுத்தது.

கண்காணிப்பு மென்பொருள் எச்சரிக்காமல் இல்லை. பெங்களூருவில் இருந்த டார்கெட்டின் கண்காணிப்புக் குழு மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தகவல் தந்தும் உடனே நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று பின்னர் தெரியவந்தது. கருவி வாங்குவதில் காட்டிய அக்கறையை அதன் எச்சரிக்கையைக் கேட்பதில் காட்டாதது மன்னிக்க முடியாத அலட்சியம்.

தலைமைச் செயல் அலுவலர் கிரெக் ஸ்டைன்ஹாஃபெல் 2014 மே மாதம் பதவி விலகினார். 2017இல் 47 மாநிலங்களுடனும் தலைநகர் வாஷிங்டனுடனும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி டார்கெட் 1.85 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.