எண்ணெய்ப் பேரரசும் சட்டமும்

மண்ணெண்ணெய் விளக்கொளியில் பாடம் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்த எண்ணெயைத் தூய்மை செய்து விற்கும் தொழில் ஒரு காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறத்தாழ ஒரே கையில் இருந்தது. வாணிகத்தில் போட்டியை அரசு ஏன் காக்க வேண்டும் என்று கேட்கும் மாணவர்களுக்கு அந்த வரலாற்றையே நான் எடுத்துக் கூறுவது வழக்கம்.

1870-இல் ஜான் ராக்ஃபெல்லர் தம் கூட்டாளிகளுடன் கிளீவ்லந்து நகரில் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியை நிறுவினார். அவர் சிக்கனத்தில் நிகரற்றவர். பீப்பாய்களையும் தம் தொழிற்சாலையிலேயே செய்வித்தார். பிறர் வீணாக்கிய கழிவிலிருந்தும் விலைபோகும் பண்டங்களை எடுத்தார். பத்தே ஆண்டுகளில் நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அவர் வசமாயிற்று.

இவ்வளவும் திறமையால் மட்டும் வந்ததன்று. நாள்தோறும் பெருஞ்சுமை அனுப்புவோருக்கு ரயில்வே கட்டணத்தில் சிறிது தள்ளிக் கொடுத்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் ஒஹாயோ மாநிலத்து மேரியெட்டாவில் ஜார்ஜ் ரைஸ் என்னும் சிறு சுத்திகரிப்பாளருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1885-இல் வெளிவந்த செய்தி இது. அவ்வூர் ரயில் பாதையில் ரைஸ் பீப்பாய்க்கு 35 சென்ட் கொடுத்தார். ஸ்டாண்டர்டு கொடுத்ததோ 10 சென்ட். அத்துடன் முடியவில்லை. ரைஸ் செலுத்திய 35 சென்டில் 25 சென்ட் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது! தம்மை ஒழிக்க நிற்பவருக்குத் தாமே கப்பம் கட்டினார் அம்மனிதர். கட்டுவதை அறியாமலே கட்டினார்.

ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, “மண்ணெண்ணெய் விலை குறைந்ததே, ஐயா! மக்களுக்கு அது நன்மைதானே?” என்று கேட்டான். நல்ல கேள்வி. 1870-இல் காலனுக்குச் சுமார் 26 சென்டாக இருந்த விலை பதினைந்து ஆண்டுகளில் 8 சென்ட் அளவுக்கு இறங்கியது உண்மை. கச்சா எண்ணெய் பெருகியதும் தொழில் நுட்பம் தேறியதும் அதற்குக் காரணங்கள். ராக்ஃபெல்லரின் சிக்கனத்திற்கும் அதில் பங்குண்டு. விலையை அடிமட்டத்திற்கு இறக்கிப் போட்டியாளரை நசுக்கினார் என்ற பழைய குற்றச்சாட்டையும், போதிய சான்று இல்லை என்று 1958-இல் மக்கீ என்னும் பொருளியலறிஞர் மறுத்தார். நட்டத்திற்கு விற்பதைவிடப் போட்டியாளரை விலைக்கு வாங்கிவிடுவது மலிவு என்பது அவர் வாதம். அதை நான் பெரிதும் ஒப்புகிறேன். ஆயினும் ரைஸின் 25 சென்டுக்கு அவ்வாதத்தில் விடையில்லை. பிறர் சந்தைக்குச் செல்லும் பாதையையே அடைத்துவிட்டால், அவர்கள் இன்னும் மலிவாக விற்றிருப்பார்களா என்பதை எவர் அறிவார்?

1890-இல் ஷெர்மன் சட்டம் பிறந்தது. வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் கூட்டுகளையும் ஏகபோக முயற்சியையும் அது குற்றமாக்கியது. ஆனால் பல ஆண்டுகள் அது உறங்கிற்று. 1894-இல் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அடக்க அதனைத் துணைக்கு அழைத்தார்கள் என்பது வேடிக்கை! 1902 முதல் ஐடா டார்பெல் என்னும் பெண்மணி ஸ்டாண்டர்டின் வரலாற்றை ஆவணங்களுடன் பத்திரிகையில் எழுதினார். அவர் தந்தையாரும் எண்ணெய்த் தொழிலில் ஸ்டாண்டர்டோடு மோதி நொந்தவர். 1906-இல் அரசு வழக்குத் தொடுத்தது.

1911 மே 15-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பெனி 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. நியாயமற்ற கட்டுப்பாடே குற்றம் என்று தலைமை நீதிபதி வைட் விளக்கம் தந்தார். ‘நியாயமற்ற’ என்னும் சொல் சட்டத்தில் இல்லையே என்று நீதிபதி ஹார்லன் கடிந்துகொண்டார். அதற்குள் டெக்சாசில் 1901-இல் பீறிட்ட எண்ணெய் புதிய போட்டியாளர்களை உண்டாக்கி, ஸ்டாண்டர்டின் பங்கைக் குறைத்திருந்தது. சட்டம் சற்றுத் தாமதித்தே வந்தது எனலாம். பிரிந்த நிறுவனங்களின் பங்குகள் பழைய பங்குதாரர்களுக்கே கிடைத்தன. அவற்றின் விலை ஏற, ராக்ஃபெல்லர் முன்னிலும் பெருஞ்செல்வரானார்.

அந்த 34-இல் நியூ ஜெர்சிக் கம்பெனி பின்னாளில் எக்ஸான் ஆயிற்று. நியூயார்க் கம்பெனி மோபில் ஆயிற்று. 1999-இல் இவ்விரண்டும் மீண்டும் ஒன்றாயின. இம்முறை அரசு முன்கூட்டியே கணக்குப் பார்த்து, 2,400-க்கும் மேற்பட்ட பெட்ரோல் நிலையங்களைப் பிறருக்கு விற்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையுடன்தான் இசைவளித்தது.